பூச்சி தின்ற செடியின் பங்கு யாருக்குப் போகிறது?

மானாவாரியில் சோளமும் துவரையும் கலந்து விதைத்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "முளைத்த மூன்றாம் வாரத்தில் குருத்து ஈ விழுந்து, சோளத்தில் ஐந்தில் ஒரு பங்கு செடிகளுக்குக் குருத்து காய்ந்துவிட்டது. அந்த இடங்களில் துவரை மட்டும் முன்னைவிடத் தெளிவாக நிற்கிறது. ஐந்தில் ஒரு பங்கு சோளம் போய்விட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாமா? தனிப்பயிராக விட்டிருந்தால் இழப்பு குறைந்திருக்குமா?"

இரண்டு கேள்விக்கும் என் பதில் "பெரும்பாலும் இல்லை" என்பதே. பூச்சி தின்ற அளவும் களத்துமேட்டில் குறையும் அளவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இரண்டுக்கும் நடுவே பக்கத்துச் செடி நிற்கிறது.

ஒரு செடி வெயிலையும் ஈரத்தையும் சத்தையும் அக்கம்பக்கத்துச் செடிகளோடு போட்டி போட்டுத்தான் எடுக்கிறது. அதைப் பூச்சி முடக்கிவிட்டால், அது எடுத்திருக்க வேண்டிய பங்கு அப்படியே மிச்சமாகும். அந்த மிச்சத்தை யார் எடுத்தார்கள் என்று பார்த்தால்தான் இழப்பின் உண்மையான அளவு தெரியும். பக்கத்துச் சோளம் எடுத்திருக்கலாம், துவரை எடுத்திருக்கலாம், கோரை எடுத்திருக்கலாம். யாருக்கும் கிடைக்காமல் மண்ணின் ஈரம் ஆவியாகியும் போயிருக்கலாம். நான்குக்கும் விளைவு வேறுவேறு.

இதில் வெயிலுக்கான போட்டியையும் வேருக்கான போட்டியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் பங்கு ஏறத்தாழ வேரின் அளவுக்கேற்பக் கிடைக்கிறது. சின்ன வேருக்குச் சின்னப் பங்கு, பெரிய வேருக்குப் பெரிய பங்கு. வெயில் அப்படி இல்லை. மேலிருந்து வருவதால், கொஞ்சம் உயர்ந்த செடி தன் உயரத்துக்கு உரியதைவிட மிக அதிகமாக எடுத்துக்கொண்டு, கீழிருப்பதன் மேல் நிழலைப் போட்டுவிடுகிறது. அதனால் இளம் பருவத்தில் பூச்சி உண்டாக்கிய நாலைந்து நாள் பின்னடைவு அப்படியே நாலைந்து நாளாக நிற்பதில்லை. நிழலில் விழுந்த செடி மெதுவாக வளரும். மெதுவாக வளர்வதால் இன்னும் நிழலில் விழும். பூச்சி கடித்தது ஒரு நாள் வேலை. மீதியை அக்கம்பக்கத்துச் செடிகள் முடித்துவிடுகின்றன.

குருத்து ஈ இதற்குத் தெளிவான உதாரணம். பார்க்க வீட்டு ஈயின் சிறு வடிவம்தான். இலையின் அடியில் ஒவ்வொன்றாக வெள்ளை முட்டை இடும். பொரித்த புழு இலைச் சந்து வழியே இறங்கி வளர்முனையை அறுத்து, அழுகும் திசுவைத் தின்னும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும், நாற்றம் அடிக்கும். முளைத்த ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரைதான் அதற்குக் காலம். அந்த வயதைத் தாண்டிய சோளத்தை அது பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

குருத்து போன சோளம் உடனே செத்துவிடுவதில்லை. அடியிலிருந்து பக்கத் தூர் கிளம்பும். ஆனால் அது கிளம்பும்போது, தப்பித்த பக்கத்துச் சோளம் முழங்கால் உயரம் வந்திருக்கும். ஈரம் நன்றாக இருந்து, பயிர் இடைவெளியும் அகலமாக இருந்தால் அந்தத் தூரும் கதிர் தள்ளும், கொஞ்சம் தாமதமாக. மழை இழுத்தடித்தால் கதிரில்லாத தட்டையாக நின்றுவிடும். அதற்குள் குருத்து ஈயின் அடுத்த தலைமுறையும் வந்துவிடும். ஏறக்குறைய மூன்றே வாரத்தில் அதன் ஒரு சுற்று முடிகிறது என்பதால், புதிதாகக் கிளம்பிய தூர் அதற்குச் சரியான வயதில் கிடைக்கிறது. பருவம் தப்பி விதைத்த சோளத்தில் சேதம் கூடுவதற்குக் காரணமும் இதுதான். முன்பே விதைத்த வயல்களில் பெருகிய ஈக்கள் இளம் பயிரைத் தேடி அங்கே வந்து சேரும்.

நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தப் போட்டியையே ஒரு கருவியாக்கித் தந்திருக்கிறது. எக்டேருக்கு 12.5 கிலோ வரை விதையைக் கூட்டிப் போட்டு, பிறகு பயிரைக் கலைத்துவிடும்போது, அதாவது நெருக்கத்தைக் குறைக்க நாற்றுகளைப் பிடுங்கும்போது, குருத்து காய்ந்த நாற்றுகளாகப் பார்த்துப் பிடுங்கி அழிக்கச் சொல்கிறது பரிந்துரை. வெறும் எண்ணிக்கையைச் சரிக்கட்டும் ஏற்பாடு என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். அதைவிட ஆழமான காரணம் இருக்கிறது. காய்ந்த குருத்தோடு நிற்கும் செடி கதிருக்கு உதவாது, ஆனால் வேரால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே புழுவும் இருக்கும். அதை எடுத்துவிட்டால் இடம், ஈரம், சத்து மூன்றும் நல்ல செடிக்கு வந்து சேர்கின்றன, அடுத்த தலைமுறை ஈயும் குறைகிறது. ஆனால் காலம் முக்கியம். முளைத்து மூன்று வாரத்துக்குள் இதைச் செய்தால் பக்கத்துச் செடி அந்த மிச்சத்தை முழுசாகப் பயன்படுத்தும். பூட்டை, அதாவது கதிர், தள்ளும் நேரத்தில் செய்தால் நிலம் காலியாவதுதான் மிச்சம்.

மக்காச்சோளத்தில் கதை வேறு. 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் வந்த படைப்புழுவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மக்காச்சோளம் தூர் கட்டி ஈடுகட்டும் பயிர் அல்ல, பெரும்பாலும் ஒற்றைத் தண்டுதான். ஆறு இலை வரும் வரை அதன் வளர்முனை மண் மட்டத்துக்குக் கீழேயே இருப்பதால், அதற்குமுன் மேலிலையை மட்டும் புழு தின்றால் செடி மீண்டு வந்துவிடும். இலை கந்தலாகத் தெரிவதைப் பார்த்துப் பதறுகிறோம், விளைச்சல் அந்த அளவுக்கு விழுவதில்லை. ஆனால் வரிசையில் ஒன்று மட்டும் பின்தங்கி, இருபக்கமும் உள்ளவை இரண்டு இலை முன்னே போய்விட்டால், அந்தச் செடியை மறந்துவிடலாம். பொக்குக் கதிரோ, கதிரே இல்லாமலோ நிற்கும், பக்கத்துச் செடிகளுக்கு அது களைக்குச் சமம். எல்லாச் செடியும் ஒரே சீராகக் கொஞ்சம் கடிபடுவதைவிட, சில செடிகள் மட்டும் கடுமையாகக் கடிபட்டு வயல் மேடுபள்ளமாவது மக்காச்சோளத்துக்கு மோசம்.

இப்போது உங்கள் துவரைக்கு வருகிறேன். துவரை முதல் இரண்டு மாதம் மிக மெதுவாக வளரும். சோளம் அந்த நேரத்தில் வேகமாக மேலே போய், மூன்றரை மாதத்தில் அறுவடையாகிவிடும். அதன் பிறகுதான் நீண்டகாலத் துவரை விரிந்து, பூத்து, காய்க்கிறது. இருவரும் ஒரே நிலத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துவதால்தான் இந்தச் சேர்க்கை நம் மானாவாரியில் இவ்வளவு காலம் நின்றிருக்கிறது. குருத்து ஈ சோளத்தை இளசிலேயே கலைத்துவிட்டதால், நிழலில் குறுகியிருக்க வேண்டிய துவரைக்கு முன்கூட்டியே வெயில் கிடைத்துவிட்டது. நீங்கள் பார்க்கும் செழிப்பு அதுதான். சோளத்தில் போன மதிப்பில் ஒரு பகுதி துவரையில் திரும்பி வரும். தனிச் சோளமாக இருந்திருந்தால் மிச்சம் பக்கத்துச் சோளத்துக்கோ களைக்கோ மட்டும் போயிருக்கும்.

இது ஒரு திசையில் மட்டுமே நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் துவரையில் காய்த்துளைப்பான் விழுந்தால் ஈடுகட்ட வயலில் சோளம் இருக்காது, அறுத்துப் போயிருக்கும். அப்போது துவரை தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் ஓரளவு வழி உண்டு. முதல் பூங்கொத்துகள் போனாலும், நிலத்தில் ஈரம் இருந்தால் அது மறுபடி பூக்கும். ஈரமில்லாத தை மாதத்தில் அந்த வாய்ப்பும் இல்லை. ஆகவே மருந்துச் செலவுக்குக் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால், என் கருத்தில் அதை முன்னே சோளத்தில் கரைக்காமல் பின்னே துவரையின் பூ, பிஞ்சுப் பருவத்துக்கு வைத்துக்கொள்வது மேல். முன்னே விதை நேர்த்தியும் கலைத்துவிடுதலும் போதும்.

துவரையில் இன்னொன்றையும் கவனியுங்கள். மலட்டுத் தேமல் நோய் வந்த செடி வெளிறிய சின்ன இலைகளோடு புதர்போல் நிற்கும், பூக்காது. இதைப் பரப்புவது பூச்சி இனமல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் வகை. ஆனாலும் நாம் பேசும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. செத்த செடி இடத்தை விட்டுக்கொடுக்கும். இந்தச் செடி சாகாது. காயும் தராது, வெயிலையும் ஈரத்தையும் கடைசி வரை விடாது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் விழுந்த உளுந்துச் செடியும் இதே ரகம்தான். எனவே செத்த செடிகளை எண்ணுவதோடு நிற்காமல், உயிரோடு நின்று உதவாத செடிகளையும் எண்ணுங்கள். முதல் நாற்பது நாளுக்குள் அவற்றைப் பிடுங்கினால் நோய் பரவுவதும் குறையும், இடமும் பயனாகும்.

நெல்லில் இந்த ஈடுகட்டல் எந்த அளவுக்குப் போகும் என்பதைச் சொன்னால் சிலருக்கு நம்பிக்கை வராது. மஞ்சள் தண்டுதுளைப்பான் தூர் கட்டும் பருவத்தில் விழுந்தால் நடுக்குருத்து காய்கிறது. கதிர் தொண்டையில் இருக்கும்போது விழுந்தால் வெண்கதிர், மணி பிடிக்காத வெறும் சாவி. ஒரே புழு, ஒரே தண்டு, ஆனால் பரிந்துரைகளில் குருத்து காய்தலுக்குச் சேதநிலை (மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டிய அளவு) 10 சதவீதம், வெண்கதிருக்கு வெறும் 2 சதவீதம். ஏன் இந்த ஐந்து மடங்கு வித்தியாசம்? நெல் தன்னால் காப்பாற்ற முடிவதைவிட அதிகமாகத் தூர் கட்டும் பயிர். கடைசியாக வந்த தூர்களில் பல, மூத்த தூர்களின் நிழலில் கதிர் தள்ளாமலே மடிந்துபோகும். பூச்சி இல்லாத வயலிலும் இது நடக்கும். புழு குடைந்த தூர் அப்படி மடிய இருந்த ஒன்றாக இருந்தால் நமக்கு நஷ்டமே இல்லை. மூத்த தூரைக் குடைந்திருந்தாலும், அதன் நிழல் விலகியதால் இளைய தூர் ஒன்று தப்பிப் பிழைத்துக் கதிராகும். வெண்கதிர் வரும்போது இந்தக் கதவு மூடிவிட்டது. புதுத் தூருக்கு நேரமில்லை. மீதிக் கதிர்களின் மணி கொஞ்சம் எடை கூடலாம், அவ்வளவுதான்.

இதனால் ரகத்தின் வயதும் கணக்கில் வருகிறது. 155 நாளுக்கு மேல் நிற்கும் சம்பா ரகம் சி.ஆர். 1009க்கு மீண்டு வர அவகாசம் இருக்கிறது. 110 நாளில் அறுக்கும் ஆடுதுறை 43க்கு அது குறைவு. இடைவெளியும் அப்படியே. 20க்கு 10 சென்டிமீட்டரில் சதுர மீட்டருக்கு 50 குத்து (ஓரிடத்தில் நட்ட நாற்றுக் கொத்து). ஒரு குத்து போனால் சுற்றியுள்ளவை சத்தமில்லாமல் மூடிவிடும். 25க்கு 25இல் ஒற்றை நாற்றாக நடும் முறையில் 16 குத்துதான். ஒவ்வொரு குத்துக்கும் தன்னைத் தானே ஈடுகட்டும் சக்தி அதிகம், ஆனால் நாற்றே செத்துவிட்டால் விழும் ஓட்டை பெரிது. அப்படி நட்டவர்கள் முதல் பத்து நாளில் போக்கு நடுவதை, அதாவது நாற்று செத்த இடத்தில் வேறு நாற்று நடுவதை, ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

இலைச்சுருட்டுப் புழுவும் இப்படித்தான். இளம் பயிரில் இலை வெளுத்து நிற்பது கண்ணை உறுத்தும். ஆனால் அந்த அடியிலைகள் இன்னும் சில வாரத்தில் நிழலில் விழுந்து பயனற்றுப் போகப்போகிறவை. கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலையில் விழும் சேதம் மட்டும் நேராக மணியைப் பாதிக்கும். இதை விவசாயிகளே சோதித்துப் பார்க்கட்டும் என்று 1990களில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.எல். ஹியோங் குழுவினர் வியட்நாமின் மெக்கோங் டெல்டாவில் ஓர் இயக்கம் நடத்தினார்கள். தன் வயலில் ஒரு சிறு பகுதியில் முதல் 40 நாள் இலை தின்னும் புழுவுக்கு மருந்து அடிக்காமல் விட்டுப் பாருங்கள், மற்ற இடத்தோடு ஒப்பிடுங்கள் என்பதுதான் அழைப்பு. மருந்து அடிப்பது பெருமளவு குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. நம் டெல்டாவிலும் நட்ட இருபதாம் நாளே குருணை மருந்தைக் கையில் எடுப்பவர்கள் இந்தச் சோதனையைத் தங்கள் வயலில் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்த ஆரம்ப மருந்து சிலந்திகளையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று, பின்னால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

புகையான் என்றதும் இன்னொரு முக்கியமான விஷயம்: சேதம் சிதறி இருக்கிறதா, திட்டாக இருக்கிறதா? இதுவரை சொன்ன ஈடுகட்டல் எல்லாம், கடிபட்ட செடிக்குப் பக்கத்தில் கடிபடாத செடி இருந்தால்தான் நடக்கும். புகையான் வட்டம் வட்டமாக எரித்துவிடும். வட்டத்தின் விளிம்பில் உள்ள குத்துகளுக்கு மட்டும் வெயில் கூடக் கிடைக்கும், நடுவில் உள்ள இடம் அந்தப் போகத்துக்குப் பாழ்தான். இரண்டு வயலிலும் 10 சதவீதச் சேதம் என்று எழுதலாம், ஆனால் சிதறிய 10 பெரும்பாலும் களத்தில் தெரியாது, திட்டான 10 முழுசாகத் தெரியும்.

நிலக்கடலையில் சிவப்புக் கம்பளிப்புழு வந்தால் அந்த விளிம்பு ஈடுகட்டலும் இல்லை. முதல் கோடை மழைக்குப் பின் மண்ணிலிருந்து அந்திப்பூச்சிகள் கிளம்பி முட்டையிட, புழுக்கள் கூட்டமாக வயலுக்கு வயல் நகர்ந்து மொட்டையடிக்கும். அங்கே வெற்றி பெறுவது களைதான். கடலைக்கு முதல் 45 நாள் களையில்லாமல் இருக்க வேண்டிய காலம். அப்போது இலை போய்விட்டால் நிலம் திறந்துவிடும். கோரைக்கும் அறுகுக்கும் அடியில் கிழங்கும் தண்டும் இருப்பதால் அவை முதலில் எழுந்து மூடிக்கொள்ளும். கடலை மறுபடி துளிர்த்தாலும் நிழலுக்குள்தான் துளிர்க்கும். இந்த நிலையில் புழுவுக்கு மருந்தடிப்பதோடு நிறுத்தியவருக்கு விளைச்சல் திரும்புவதில்லை. புழு அடங்கிய ஒரு வாரத்துக்குள் களைக்கொத்து இறங்கினால் ஓரளவாவது திரும்பும். பூச்சி வந்த வயலில் அடுத்த வேலை களையெடுப்பு என்று நான் எப்போதும் வலியுறுத்துவது இதனால்தான்.

தனிப்பயிரா கலப்பா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: கலந்து விதைத்தால் பூச்சி குறையுமா? பல நேரம் குறையும். அமெரிக்கப் பூச்சியியல் ஆய்வாளர் ரிச்சர்ட் ரூட், 1973இல் வெளியிட்ட ஆய்வுக்காக நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில் முட்டைக்கோசுக் குடும்பத்துக் கீரையைத் தனிப்பாத்தியிலும் பலவகைச் செடிகளுக்கு நடுவிலும் வளர்த்து ஒப்பிட்டார். தெள்ளு வண்டு போன்றவை தனிப்பாத்தியில்தான் குவிந்தன. ஒரே உணவு ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அதையே நம்பி வாழும் பூச்சி எளிதாகக் கண்டுபிடித்து அங்கேயே தங்கிவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். இயற்கை எதிரிகள் கலப்புப் பயிரில் அதிகம் தங்கும் என்பது இன்னொரு காரணம். நம்மூரில் சோளத்துக்கு நாலு வரிசைக்கு ஒரு வரிசை மொச்சையோ தட்டைப்பயறோ விட்டால் தண்டுதுளைப்பான் குறையும் என்ற பரிந்துரை இந்த வழியில் வந்தது. தட்டைப்பயறில் கருப்பு அசுவினி வந்தாலும் பதற வேண்டாம். அது சோளத்துக்குப் போகாது. அதைத் தின்ன வந்த பொறிவண்டு மட்டும் சோளத்து அசுவினியையும் தேடிப் போகும்.

ஆனால் பூச்சி குறைந்தது என்பதாலேயே விளைச்சல் கூடியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐரோப்பாவில் முட்டைக்கோசுக்கு அடியில் க்ளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியைப் பரப்பிய சோதனைகளில் பூச்சி நன்றாகக் குறைந்தது, கூடவே கோசின் அளவும் சிறுத்துவிட்டது. பூச்சியிடம் மீட்டதை க்ளோவர் வாங்கிக்கொண்டது. நிலக்கடலைக்கு நடுவே நாலுக்கு ஒன்று கம்பு விட்டால் சுருள்பூச்சியைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் பெருகும் என்பது உண்மை. அந்தக் கம்பை இரண்டுக்கு ஒன்று என்று நெருக்கினால், கடலை வெயிலிலும் ஈரத்திலும் தோற்றுவிடும் என்பதும் உண்மை. வரப்போர ஆமணக்கும் அப்படித்தான். புகையிலைப் புழுவின் முட்டைக் குவியலை இழுத்து வாங்கிக்கொள்ள அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் போதும். அடர்த்தியாக விட்டு, முட்டையையும் பொறுக்காமல் இருந்தால், நிழலும் நஷ்டம், புழுவும் நஷ்டம்.

உங்கள் வயலில் துவரை எவ்வளவு ஈடுகட்டுகிறது என்பதை அளந்தே பார்க்கலாம். அடுத்த பட்டத்தில் மூன்று சிறு பாத்திகள் விடுங்கள்: தனிச் சோளம், தனித் துவரை, இரண்டும் கலந்தது. கலப்பில் கிடைத்த சோளத்தைத் தனிச் சோளத்தாலும், கலப்பில் கிடைத்த துவரையைத் தனித் துவரையாலும் வகுத்து, இரண்டையும் கூட்டுங்கள். சோளம் 0.7, துவரை 0.6 என்று வந்தால் கூட்டு 1.3. அதாவது கலப்பில் ஒரு ஏக்கர் தந்ததைத் தனித்தனியாக எடுக்க 1.3 ஏக்கர் தேவை. ஆய்வாளர்கள் இதை நிலச் சமன் விகிதம் என்பார்கள். ஆனால் இதை வைத்துப் பூச்சியின் பங்கைச் சொல்ல வேண்டுமானால், அதே மூன்று பாத்திகளை இன்னொரு தொகுதியாகவும் விட வேண்டும். ஒரு தொகுதிக்குச் சோள விதையைப் பூச்சிமருந்தில் நேர்த்தி செய்து விதையுங்கள், மற்றதற்கு வேண்டாம். இரண்டு தொகுதியின் கலப்புப் பாத்திகளையும் நேர்த்தி செய்த தனிப்பாத்திகளாலேயே வகுக்க வேண்டும். நேர்த்தி செய்யாத தனிச் சோளம் பூச்சியால் விழுந்திருக்கும்போது அதையே அளவுகோலாக வைத்தால், கலப்பு தகுதிக்கு மேல் நன்றாகத் தெரியும்.

பாத்தி போட இடமில்லை என்றால் இந்தப் பட்டத்திலேயே இதைச் செய்யுங்கள். குருத்து காய்ந்த சோளத்துக்கு ஒட்டினாற்போல் நிற்கும் சோளம் இருபதுக்கும் துவரை இருபதுக்கும் ஒரு நிறத் துணி கட்டுங்கள். நாலு பக்கமும் நல்ல சோளம் சூழ்ந்திருக்கும் சோளம் இருபதுக்கும் துவரை இருபதுக்கும் வேறு நிறம். அறுவடையில் நாலையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள். எடை வித்தியாசம் சோளத்தில் அதிகமா, துவரையில் அதிகமா என்று தெரிந்தால், அடுத்த முறை இடைவெளியைச் சோளத்துக்காக மாற்றுவதா துவரைக்காக மாற்றுவதா என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.